தண்ணீர் நிரப்பாத பீப்பா

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தும் எங்கள் அண்ணைக்குத் தோட்டத்தில் மனம் செல்லவில்லை. கொழும்புக்குப் போய் வெல்டிங் பழகினார். எண்பத்து மூன்று கலவரத்தில் அகதியாகக் கப்பலில் ஊர் வந்து இறங்கியபோது, உடுத்திருந்த சாரமும் வேலைக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியும்தான் மிச்சம். பிறகு மானிப்பாய் வீதியில் தகரக் கொட்டில் போட்டுத் தொழிலைத் தொடங்கினார்.

அண்ணையின் ஒட்டு, கொழுக்கட்டையின் ஓரம் மாதிரி ஒரே அளவான மடிப்புகளோடு இருக்கும். முடித்ததும் கம்பித் தூரிகையால் தேய்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கையாலை தடவிப் பாருங்கோ" என்பார். தடவிப் பார்க்காமல் ஒருவரையும் போக விடமாட்டார். அப்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்த்து நாங்கள் கேலி செய்வோம். மனதுக்குப் பிடிக்காத ஒட்டை, வந்தவர் போதும் என்றாலும் அறுத்துவிட்டு மறுபடி தொடங்குவார். போரில் பொருளாதாரத் தடை வந்து, வெல்டிங் வாயு எடுக்கும் காபைட் கிடைப்பதே பெரும்பாடான காலத்திலும் அந்தப் பிடிவாதம் போகவில்லை.

பீப்பா எது வந்தாலும் தண்ணீர் நிரப்பித்தான் நெருப்பு வைப்பார். உள்ளே பெற்றோல் ஆவி கொஞ்சம் நின்றாலும் வெடித்துவிடும். இதில் யார் சொல்லையும் கேட்கமாட்டார்.

சென்ற வருடம் அம்மாவின் தம்பியான சின்னமாமா ஓட்டைப் பீப்பா ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். குண்டு விழுந்து அவர்களுடைய கிணறு தூர்ந்துபோயிருந்தது; தண்ணீர் சேர்த்து வைக்க வேண்டும். அண்ணை வாளியை எடுத்தார்.

"என்ன தம்பி, நான் கழுவித்தானே கொண்டு வந்தனான். என்ரை சொல்லிலை நம்பிக்கை இல்லையே?"

மாமாவின் முகம் வாடியதைக் கண்டு அண்ணை வாளியைக் கீழே வைத்தார். சின்னமாமா பொய் சொல்லவில்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய பெற்றோல் பீப்பா அது. கழுவினால் போதும் என்று நம்பியிருந்தார்.

ஒட்டு பாதியில் நிற்கும்போது பீப்பா வெடித்தது.

ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டுப்பாடு. வெந்த உடம்பை வாழையிலையில்தான் கிடத்தினோம். உயிர் போவதற்குச் சற்று முன் அண்ணை, "அம்மா, மாமாவை ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. தண்ணி விடாதது நான்தானே" என்றார். ஆனால் அம்மா, செத்தவீட்டுக்கு வந்த தன் தம்பியைப் படலை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. இன்னும் முழுதாக ஆறவில்லை.

இரத்தம் தந்த நண்பர்களுக்கும், கண் துஞ்சாமல் பார்த்த தாதிமாருக்கும், பந்தல் போட்ட அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. சின்னமாமா, எரிந்துகொண்டிருந்த அண்ணையை வெறுங்கையால் இழுத்தெடுத்து இரண்டு கைகளும் வெந்துபோனவர் நீங்கள். அந்தக் கைகளுக்கும் நன்றி. இந்த நினைவு மலரை உங்களுக்கு முன்கூட்டியே அனுப்புகிறோம். ஆண்டுத் திவசத்தன்று நீங்கள் வந்த பிறகுதான் அண்ணைக்குச் சோறு படைப்பது என்று அம்மா சொல்லிவிட்டார். வாங்கோ, மாமா. அண்ணை பசியோடு இருக்கக்கூடாது.

— தங்கை