கண்ணாடிக் கடையின் மின்விசிறி

"ஃபேன் போடப்பிடாது சாரே. அது சுத்துனா நான் கடைய அடச்சிட்டு ஊருக்குப் போவணும்."

வியர்த்துப்போய் சுவிட்சைத் தேடும் வாடிக்கையாளருக்கு, விசிறிக்கொள்ள ஓர் அட்டைத் துண்டை நீட்டுவார் தாசையன். தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், சந்துக்குள் இருக்கிறது அவருடைய கண்ணாடி அலங்காரப் பொருள் கடை. கூரையிலிருந்து நூலில் தொங்கும் கண்ணாடிக் கிளிகளும் மீன்களும் பலத்த காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதி உடைந்துபோகும். அதனால் மின்விசிறிக்கு இருபத்திரண்டு வருடங்களாக ஓய்வு.

"இதெல்லாம் எதுக்கு உபயோகம்?" என்று கேட்பவர்களிடம் அவர் பொய் சொல்வதில்லை. "தூசி பிடிக்கும் சாரே. இவ்வளவு அழகாட்டு தூசி பிடிக்கிற சாமானம் வேற கிடையாது." அன்னப்பட்சி, பீரோ சாவியை ஒளித்துவைக்க. தாமரை, புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வெறுங்கையோடு போகாமலிருக்க. அந்த வீட்டுக்காரர் அதையே அடுத்த பால்காய்ப்புக்குக் கொண்டுபோக. கண்ணாடி உருண்டை, கரண்ட் பில் பறக்காமலிருக்க. "எங்கடையில அதுக்கும் வேலையில்ல. காத்தே கிடையாதுல்லா."

கல்குளத்திலிருந்து ஓட்டல் வேலைக்கு வந்து, தட்டுகளை உடைத்து விரட்டப்பட்டுத்தான் கண்ணாடி விற்க உட்கார்ந்தார். அந்தக் கதையையும் அவரே சொல்லிச் சிரிப்பார். வீட்டில் மருந்துக்குக்கூட ஒரு கண்ணாடிச் சாமான் கிடையாது, எல்லாம் எவர்சில்வர். "நமக்கு விழுந்தா நெளியிற சாமானம் மதி, அது போதும்."

இரண்டு மாதமாக அவருடைய வலது கை நடுங்குகிறது. முன்பெல்லாம் ஒருவரையும் எதையும் தொடவிடாதவர், இப்போது "நீங்களே எடுத்துப் பாருங்க, அப்பத்தான் கனம் தெரியும்" என்று பெருந்தன்மையாக விலகி நிற்கிறார். ஊரில் எல்லோரும் பெண்டாட்டிக்கு நடுங்குகிறார்கள், நான் அன்னப்பட்சிக்கு நடுங்குகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். அப்படிச் சொன்னால் பயம் கொஞ்சம் குறைகிறது.

சட்டைப் பொத்தானோடு அவர் படும் பாட்டை ஒரு காலையில் மனைவி ஞானபாய் பார்த்துவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, கை ஆடுற ஆளுக்குக் கண்ணாடிக் கடை என்னத்துக்கு? நாளைக்கு நான் வந்து இருந்து பாப்பேன். ஆடுச்சுன்னா கடைய அடச்சிருவோம், கேட்டீங்களா."

கடை இல்லாவிட்டால் தன் பேச்சைக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஞானபாய் முப்பது வருடமாகக் கேட்டுச் சலித்தவள்.

சொன்னபடியே வந்து, சுவிட்ச் போர்டை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் வரை தாசையனின் வித்தை பலித்தது. வந்தவர்கள் எல்லோரும் அவரவரே எடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஓட்டல் வேலைக்காரர் செல்வமணி வந்தார். இடுப்பில் குழந்தை, மறு கையில் பை.

"அண்ணாச்சி, தங்கச்சி வீட்டுப் பால்காய்ப்பு. அந்தக் கிளிச்சரம் எனக்கு எட்டாது. நீங்களே எடுத்துக் காட்டுங்க."

வேறு வழியில்லை. தாசையன் கொக்கிக் கம்பால் சரத்தை இறக்கி வலது கையில் தூக்கிப் பிடித்தார். ஏழு கிளிகளும் கிணுகிணுவென்று ஆடத் தொடங்கின. குழந்தை சிரித்தது.

"என்ன அண்ணாச்சி, நிக்கவே மாட்டேங்குது?"

"ஃபேன் காத்துல்லா" என்றார் தாசையன்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. செல்வமணி நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். ஞானபாயும் பார்த்தாள். மின்விசிறி அசையாமல் தொங்கியது. கடையில் ஆடியவை அந்த ஏழு கிளிகள் மட்டும்தான்.

ஞானபாய் எழுந்தாள். ரெகுலேட்டரை ஒன்றில் வைத்து சுவிட்சைப் போட்டாள். மின்விசிறி தூசியை உதிர்த்துக்கொண்டு மெல்லச் சுற்ற, கடையிலிருந்த அத்தனை கிளிகளும் மீன்களும் அந்த ஏழோடு சேர்ந்து ஆடத் தொடங்கின.