முந்திரிக்கொத்தும் முனகிய புளோயரும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மகளின் மாமியார் போனில், "வளைகாப்புப் பலகாரத்தக் கடையிலயே சொல்லிருங்க மதினி, எதுக்குக் கஷ்டம்?" என்றதும், "எம் பிள்ளைக்கு என் கையாலதான் செஞ்சு கொண்டாருவேன்" என்று அளந்துவிட்டேன். ஐந்து வகை. வளைகாப்பு அன்று காலை கயத்தாறில் சம்பந்தி வீட்டுச் சபையில் இருக்க வேண்டும்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் பெரிய அடுப்பு ஒன்று உண்டு. கடலைத் தொலி போட்டு எரிப்போம். அது லேசில் பற்றாது, பற்றினாலும் புகைந்துகொண்டே கிடக்கும். அதற்காகவே அடியில் காற்று ஊத ஒரு புளோயர். அது ஓடினால்தான் பெரிய எண்ணெய்ச் சட்டி காயும். கேஸ் அடுப்பில் அந்தச் சட்டி உட்காரவே உட்காராது.

வளைகாப்புக்கு முந்தின நாள் காலையில் சுவிட்சைப் போட்டேன். 'கிர்ர்' என்று நாலு சுற்று, அப்புறம் 'ம்ம்ம்' என்று முனகல். அவ்வளவுதான்.

"ஏங்க! இது ஓட மாட்டேங்குது!"

வீட்டுக்காரர் டெஸ்டரோடு வந்தார். இப்படி ஒரு வேலை கிடைத்துவிட்டால் மனுஷருக்கு முகமே மலர்ந்துவிடும். பிளக்கில் கரண்ட் இருந்தது. சுவிட்சைக் கழற்றினார், பழுதில்லை. பிறகு வயரை முழுக்கத் தடவிப் பார்த்தார்.

"அது என்ன பசுமாடா, தடவிக் குடுக்கீங்க?"

"ஏட்டி, சத்தம் வருதுல்லா? அப்போ கரண்டு உள்ள போகுது. மோட்டாரச் சுத்த வைக்க கன்டென்சர் போயிருக்கும்."

கடைக்குப் போய்ப் புது கன்டென்சர் வாங்கி வந்து மாட்டினார். அதே முனகல். லேசாகக் கருகல் வாடை வந்ததும் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

மணி பதினொன்று. பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்து நான் உருட்டி வைத்த முந்திரிக்கொத்து காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இந்த வீட்டுல ஒரு சாமானுக்காவது ஒழுங்கா எண்ணெய் விட்டிருக்கீங்களா? என் மானத்த வாங்கணும்னே இருக்கீங்க!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து மகள் போனில் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "முடியலன்னா விடும்மா. கடையில வாங்கிட்டு வாங்க, அத்தைட்ட நான் சொல்லிக்கிடுதேன்." ஒன்பது மாத வயிற்றோடு இருக்கிறவள், என் வாய்க்கொழுப்புக்கு அவள் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டுமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, பிளக்கைப் பிடுங்கிட்டுக் கையால சுத்திப் பாத்தீங்களா?" என்று அந்தப் பக்கம் கேட்டதும் இரண்டு பேரும் முழித்தோம். சுற்றிப் பார்த்தால் அசையவில்லை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே விசிறித் தண்டைச் சுற்றி இறுகிக் கிடந்தது ஒரு முழம் கதம்பம். மருக்கொழுந்து வாசம்கூட இன்னும் போகவில்லை.

ஐந்து நாளைக்கு முன்தான் ஆயுத பூஜை. அரிவாள்மனை, கிரைண்டர், அவருடைய பைக் என்று எல்லாவற்றுக்கும் பொட்டும் பூவும் வைத்துவிட்டு, புளோயர் காற்று இழுக்கும் வாயிலும் பூவைச் சொருகியவள் நான். மறுநாள் அவர் எடுக்கப் போனபோது, "சாமிக்கு வச்ச பூ. கை வைக்காதீங்க, காஞ்சு தானா விழட்டும்" என்று அதட்டியதும் நான்தான். விழுந்திருக்கிறது, உள்ளே.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிளேடால் நாரை அறுத்தெடுத்து, மூடியை மாட்டி, சுவிட்சைப் போட்டார். ஜம்மென்று ஓடியது.

மகள் மறுபடியும் கூப்பிட்டாள். "என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. நான் எண்ணெய் விட மறந்துட்டேன், இறுகிப் போச்சு. இப்போ சரியாயிட்டு" என்றார்.

நான் சட்டியில் எண்ணெயை ஊற்றிக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சபையில் ஐந்து தட்டும் இருந்தன. சம்பந்தியம்மா முந்திரிக்கொத்தைக் கடித்துவிட்டு, "மதினி கைப்பக்குவமே தனி. அண்ணன் மறதியாலதான் எல்லாம் கெட்டுப் போகப் பாத்துது" என்றார். எல்லோரும் என் வீட்டுக்காரரைக் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவியள ஒண்ணும் சொல்லாதீங்க. பூ வச்சு மிஷினை நிப்பாட்டுனதே நான்தான்" என்றேன்.

சபையே சிரித்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் மட்டும் காதில் விழாதவர் மாதிரி இன்னொரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.