ஹெட்: நாற்பத்திரண்டு அடி

மந்தைவெளியில் தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணினால் பாதி வீடுகள் வெரோனிகாவைத்தான் கூப்பிடும். கல்யாணமாகி வந்த புதிதில், அவள் குடியிருந்த கட்டிடத்து மோட்டார் ஒரே கோடையில் மூன்று தடவை புகைந்தது. வந்த மெக்கானிக் மூன்று தடவையும் தலையைச் சொறிந்துவிட்டுப் போனான். நாலாவது தடவை அவன் வருவதற்குள் வெரோனிகாவே ஸ்பேனரை எடுத்துக் கழற்றிப் போட்டுவிட்டாள். அப்படி ஆரம்பித்த தொழிலுக்கு இப்போது இருபத்திரண்டு வயது.

இத்தனை வருஷத்தில் எத்தனை மோட்டார் பார்த்திருப்பாள்! ஆனாலும் ஒரு விஷயத்தில் அவளுக்கு வியப்பு தீரவே இல்லை. காலையில் ஆறு மணிக்குத் தன் மோட்டார் கடைக்கு நடந்து போகும்போது சந்துக்குச் சந்து மோட்டார்கள் உறுமிக்கொண்டிருக்கும். நின்று கேட்பாள். ஒரு ஊரே தன் தண்ணீரைத் தானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே என்று அவளுக்கு மெய் சிலிர்க்கும். "இன்னாமா ஏத்துறாங்க பாரேன்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஆனால் அந்த உறுமலிலேயே ஒரு கோளாறும் அவள் காதில் விழுந்தது. எதிர் வீட்டுக் குல்சுமிடம் சொன்னாள். குல்சும் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள், கட்டிடக் கம்பெனியில் பத்து வருஷம் வேலை பார்த்தவள். இரண்டு பேருமாக ஐம்பது கட்டிடம் ஏறி இறங்கி அளந்தார்கள். முக்கால்வாசி இடத்தில் தேவைக்கு மேல் பெரிய மோட்டார். தண்ணீர் ஏற வேண்டிய உயரம் நாற்பது அடி, மாட்டியிருப்பதோ நூறு அடி ஏற்றுகிற மோட்டார். கரண்ட் சும்மா கரைகிறது. உயரத்தை அளந்து, அதற்கேற்ற சின்ன மோட்டாரைத் தாங்களே தயார் செய்து மாட்டித் தருவது என்று இருவரும் தொழில் ஆரம்பித்தார்கள்.

நல்ல யோசனைதான், யார் கேட்டார்கள்? "பெருசா இருந்தாதானேமா நல்லது?" என்றே கேட்டார்கள் எல்லாரும். பெரிதாக இருப்பதெல்லாம் நல்லது என்று நம் ஜனங்களுக்கு யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ! இரண்டு வருஷத்தில் ஒன்பது கட்டிடம்தான் தேறியது. குல்சுமுக்கு மஸ்கட்டில் வேலை வந்தது, டிக்கெட்டும் வந்துவிட்டது. போகும் முன் கடைசி முயற்சியாக, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் தண்ணீர்த் தொழில்களுக்கான ஸ்டார்ட்அப் போட்டிக்கு விண்ணப்பம் போட்டாள். ஜெயித்தால் நூறு அடுக்குமாடிகளில் மோட்டார் மாற்றும் வேலை. தோற்றால் வெள்ளிக்கிழமை விமானம். குல்சும் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது என்று வெரோனிகாவுக்கு நன்றாகத் தெரியும்.

போட்டி அடையாறில், ஒரு இன்ஜினீயரிங் காலேஜின் நாலு மாடிக் கட்டிட அரங்கில். உள்ளே நுழைந்ததும் வெரோனிகா வாயைப் பிளந்தாள். ஒருவர் காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கிறார். இன்னொருவர் சாக்கடைத் தண்ணீரை வெயிலிலேயே சுத்தம் செய்து கண்ணாடி டம்ளரில் வைத்திருக்கிறார். "யம்மாடி! இவங்க நடுவுல நம்ம இன்னா பண்றோம் குல்சு?"

"மோட்டார் மாட்டறோம். பேசாம வா" என்றாள் குல்சும்.

அவர்கள் முறை வந்தது. நடுவர்களில் மூத்தவரான மாணிக்கவாசகம் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "கம்பெனியோட 'ஹெட்'னு கேட்ட இடத்துல நாப்பத்திரண்டு அடின்னு போட்டிருக்கீங்களே?"

அரங்கமே கொல்லென்று சிரித்தது. குல்சும் தலையில் கைவைத்துக்கொண்டாள். விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பும்போது நடுவில் போன் வந்து அவள் எழுந்து போயிருந்தாள். அந்த நேரத்தில் வெரோனிகா உட்கார்ந்து பார்த்தாள். முழுக்க இங்கிலீஷ். அதில் அவளுக்குப் பழக்கமான ஒரே சொல் 'ஹெட்'. மோட்டார்க்காரர்களுக்கு ஹெட் என்றால் தலைவர் இல்லை, தண்ணீர் ஏற வேண்டிய உயரம். கடைசியாக மாட்டிய கட்டிடத்தின் உயரத்தை ஆசையாக அடித்துவிட்டாள். திரும்பி வந்த குல்சும் அதைக் கவனிக்காமலே அனுப்பிவிட்டாள்.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று வெரோனிகாவுக்குப் புரியவில்லை. "ஆமா சார், மூணு மாடி. டேங்க் மேடையோட அவ்ளோதான் வரும்" என்றாள்.

மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை. "இந்தக் கட்டிடத்துக்கு ஹெட் எவ்வளவும்மா?"

"அறுபது அடி சார். ஆனா கீழ ஓடுற மோட்டாரு நூத்தம்பது அடி ஏத்துறது. பைப்பு அடிச்சிக்குதுன்னு வால்வைப் பாதி மூடி வெச்சிகிறாங்க. பிரேக்கை மிதிச்சிக்கினே வண்டி ஓட்டுற மாதிரி கீது."

"நீங்க பார்த்தீங்களா?"

"பாக்கல சார். வர்றப்ப சத்தம் கேட்டுது."

சிரிப்பு நின்றது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நடுவர்கள், போட்டியாளர்கள் என்று பாதி அரங்கம் அவர் பின்னால் மோட்டார் அறைக்கு இறங்கியது. வால்வு பாதி மூடியிருந்தது. மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த தகட்டைக் கைக்குட்டையால் துடைத்துப் படித்தார். நூற்றைம்பது அடி. "அடேயப்பா!" என்றார்.

காட்டுவதற்காகக் கொண்டு வந்திருந்த, அறுபது அடி ஏற்றும் சின்ன மோட்டாரைக் குல்சும் ஆட்டோவிலிருந்து இறக்கி வந்தாள். முதலில் பழைய மோட்டாரை ஓடவிட்டு, மாடி டேங்கில் ஒரு சாண் தண்ணீர் ஏற எவ்வளவு கரண்ட் ஆகிறது என்று மீட்டரில் பார்த்தார்கள். பிறகு அதைக் கழற்றி இதை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. வெரோனிகாவின் கை ஓடிய ஓட்டத்தைக் காற்றில் தண்ணீர் பிடிப்பவர் உட்காரக்கூட மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாரும் மாடிக்குப் போனார்கள். வெரோனிகா மட்டும் கீழேயே நின்று சுவிட்சைப் போட்டாள். அந்தச் சின்ன மோட்டார் வேலை செய்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு அமைதி. ஒரு நிமிஷம் போயிற்று. மேலே ஒரு சத்தமும் இல்லை. குழாயில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் போவது விரலில் தெரிந்தது. அடுத்த நொடி நாலு மாடிக்கு மேலிருந்து 'ஹோ'வென்று கூச்சல், கைதட்டல்! வெரோனிகா அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அதே ஒரு சாண் தண்ணீர், பாதிக்கும் குறைவான கரண்ட். நேரம் மட்டும் இரண்டு நிமிஷம் கூட. மாணிக்கவாசகம் மூச்சு வாங்க இறங்கி வந்து, அழுக்குக் கையென்றும் பார்க்காமல் வெரோனிகாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இங்கயே முப்பத்தஞ்சு வருஷம் இன்ஜினீயரிங் பாடம் நடத்தியிருக்கேன்மா. தினம் இந்த அறையத் தாண்டித்தான் போறேன். எனக்குக் கேக்கலையே!"

சாயங்காலம் முடிவை அறிவித்தார்கள். முதல் பரிசு, நூறு கட்டிடம். மேடைக்குக் கூப்பிடும்போது குல்சுமைக் காணோம். வெரோனிகா பதறிப்போய்த் தேடினாள். வராந்தாத் தூணுக்குப் பின்னால் போனில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டு நின்றிருந்தாள் குல்சும்.

"அம்மி, பொட்டியப் பிரிச்சிரு. நான் போவல."