வெள்ளியில் ஒரு மண்ணீரல்

ஒன்பது வயது வரை எனக்கு ஓடத் தடை இருந்தது. மலேசியாவில் லாபிஸ் என்ற எங்கள் ஊர்ப் பள்ளியில் மற்ற பிள்ளைகள் திடலில் ஓட, நான் எல்லோருடைய தண்ணீர் போத்தல்களுக்கும் காவல். என் மண்ணீரல் ரத்தத்தின் சிவப்பணுக்களை அளவுக்கு மீறி அழித்து, அதிலேயே வீங்கிக் கிடந்தது. கண் மஞ்சளாக இருக்கும். வயிறு எனக்கு முன்னால் போகும். கீழே விழுந்து அடிபட்டால் மண்ணீரல் உடைந்து உயிருக்கே ஆபத்து என்று அம்மாவிடம் மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு நான் ஓடுவது பிடிக்காது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

வேண்டிய தடுப்பூசிகளைப் போட்டு, ஜொகூர் பாருவில் அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தார்: பிள்ளை பிழைத்தால் அந்த உறுப்பை வெள்ளியில் செய்து உண்டியலில் போடுகிறேன். கண் நோய்க்குக் கண், கால் வலிக்குக் கால் என்று எல்லோரும் போடுவதுதான். ஆனால் பத்து பகாட் ஊர் நகைக்கடையில் கண் இருந்தது, கை கால் இருந்தது, முழுப் பிள்ளையே இருந்தது, மண்ணீரல் இல்லை.

"வயிறு வாங்கிக்கலாம்க்கா. அதுக்குள்ளதானே இருந்துச்சு" என்றார் மாமா, அம்மாவின் தம்பி.

"வயித்துக்கா வேண்டினேன்? சாமிய ஏமாத்தச் சொல்றியா?"

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது அம்மா டாக்டரிடம் மண்ணீரல் படம் ஒன்று கேட்டார். அந்த மலாய்க்கார டாக்டர், அம்மாவுக்குச் சிகிச்சை விளங்கவில்லை என்று எண்ணி, எல்லாவற்றையும் முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னார். மருந்தை நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே கொண்டுவர வேண்டும், இனிமேல் பிள்ளை தாராளமாக ஓடலாம். அம்மா பணிவாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும் படம் கேட்டார். காரணம் தெரிந்ததும் டாக்டர் சிரித்துக்கொண்டே வரைந்து தந்தார்.

நகைக்கடைப் பத்தர் அந்தப் படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "இதுல எதும்மா மேல் பக்கம்?"

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. செய்து வந்தது முந்திரிப் பருப்பு மாதிரி இருந்தது. எனக்கோ தலைகால் புரியாத பெருமை. எங்கள் பள்ளியில் வேறு யாருக்கும் வெள்ளி மண்ணீரல் கிடையாது.

கோயில் ஐயர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாங்காயா என்று கேட்டார். அம்மா விளக்கினார். "நம்ம கோயிலுக்கு இதுதான் முதல் மண்ணீரல்" என்று சொல்லி, முருகன் காலடியில் வைத்துப் பூசை செய்து கொடுத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உண்டியலில் போட்டார்.

அதற்குள் நான் பிராகாரத்தில் ஓட ஆரம்பித்திருந்தேன்.

"ஏய், ஓடா..." என்ற அம்மாவின் குரல் பாதியில் நின்றது. ஒரு சுற்று முடித்து வந்தால், அம்மா படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். "விடுக்கா, ஓடட்டும்லா" என்ற மாமாவின் கண்களும் சரியில்லை. நான் ஓடுவது அம்மாவுக்கு இன்னும் பிடிக்கவில்லை போலும் என்று நின்றுவிட்டேன்.

"ஏன் நின்னுட்ட? ஓடும்மா" என்றார் அம்மா, அழுகையை நிறுத்தாமலே.

ஓடவும் சொல்லிவிட்டு எதற்கு அழ வேண்டும்? இந்தப் பெரியவர்களைத் திருப்திப்படுத்தவே முடியாது என்று முடிவு செய்து, அடுத்த சுற்றை ஆரம்பித்தேன்.