சித்தப்பா பூட்ஸ் போட்டுக்கொண்ட நாள்

எங்கள் வீட்டை மூன்று பைத்தியங்கள் பிடித்திருந்தன. ஹாக்கி, அரசியல், பாட்டு. ஒன்று பிடித்தாலே மனுஷன் உருப்பட மாட்டான் என்பார்கள். என் அப்பாவை மூன்றும் சேர்த்துப் பிடித்திருந்தன. பகலெல்லாம் ஃபிஜித் தீவின் லவுத்தோக்கா சர்க்கரை ஆலையில் குமாஸ்தா வேலை. ஆலைச் சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவார், அங்கே ஹாக்கி நடுவர். இருட்டியதும் எங்கள் ஊர்த் தமிழர் சங்கத்து ஹாலில் ஆர்மோனியம். ஓட்டுக் காலம் வந்துவிட்டால் இந்த மூன்றுக்கும் இடையில் தெருத்தெருவாகப் பிரச்சாரம். "வீட்டு விலாசமாவது ஞாபகம் இருக்கா?" என்று அம்மா கேட்பாள். அப்பா அதற்கும் ஒரு ராகம் போட்டுப் பதில் பாடுவார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும், சண்டை அத்தோடு போச்சு.

அந்த வருஷம் மூன்றும் ஒரே வாரத்தில் வந்து தொலைத்தன. சனிக்கிழமை ஹாக்கி இறுதி ஆட்டம், எங்கள் சங்கத்து அணிக்கும் நவுசோரி அணிக்கும். திங்கட்கிழமை ஓட்டு. பெண்களுக்கு முதல்முறையாக ஓட்டு கிடைத்திருந்தது. அம்மா ஒரு மாதம் முன்பே புடவை எடுத்து வைத்துவிட்டாள். நடுவில் பாட்டு எங்கே வந்தது என்று கேட்டால், அதுதான் கதையே.

தேர்தலில் நின்ற ஒரு வக்கீலுக்காக அப்பா ஓட்டு வேலை செய்தார். அந்த வக்கீலுக்கு ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது, ஆனால் ஒலிபெருக்கி கட்டிய லாரி இருந்தது. "சனிக்கிழமை நம்ம பசங்க ஜெயிச்சா லாரி உங்களுக்குத்தான். ஊரையே சுத்துங்க. நானும் மேல ஏறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து ஒரு வெற்றிப்பாட்டு கட்டிவிட்டார்.

"வாருங்கடி கும்மிகொட்ட, வந்ததடி வெள்ளிக்கோப்பை" என்று ஆரம்பிக்கும். மூன்றாவது அடியில் மட்டும் ஓர் இடம் காலியாக விட்டிருந்தார். வெற்றி கோல் போட்டவரின் பெயரை அங்கே செருகிக்கொள்ள வேண்டும். ஆட்டமே நடக்காமல் வெற்றிப்பாட்டா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பின்ன, தாளம் பழக வேணாமா?" என்றார் அப்பா.

அதைப் பாடப் போவது யார் தெரியுமா? நான். ஒன்பது வயசு. லாரி மேலே, மைக்கைப் பிடித்துக்கொண்டு, முதல் அடியை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும், ஊரே பின்பாட்டு பாடும். அடேயப்பா! ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரொட்டிக் கட்டையை மைக்காகப் பிடித்துக்கொண்டு கொல்லையில் பாடினேன், கோழிகள் ஓடின. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பீற்றிக்கொண்டேன். காலியான இடத்தில் எந்தப் பெயரைப் போட்டுப் பழகினேன் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். சித்தப்பாதான்.

சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, எங்கள் அணியின் முன்வரிசை ஆள். வெறுங்காலோடுதான் ஆடுவார். பூட்ஸ் போட்டால் தரை தெரியவில்லை என்பார். பந்தை மட்டையில் ஒட்டிக்கொண்டு அவர் ஓடுவதைப் பார்க்கக் கரும்பு ரயில் டிரைவர் வண்டியையே நிறுத்தியிருக்கிறார், பொய்யில்லை. எனக்கு அவர்தான் உலகம்.

சனிக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் விழாது. மாமரத்துக் கிளையிலெல்லாம் ஆட்கள். பட்டாணி விற்கிறவன் கூடையை மூடிவிட்டு ஆட்டம் பார்க்க வந்துவிட்டான். வேலி ஓரத்தில் வக்கீலின் லாரி, செம்பருத்தி மாலையும் தென்னங்கீற்றும் கட்டி, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. நான் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் வலையோடு மூக்கை வைத்து உட்கார்ந்தேன். அங்கே உட்காரக் கூடாது, பந்து மண்டையைப் பிளக்கும். அதனால்தான் அங்கே ஒரே ஆளாக எனக்கு இடம் கிடைத்தது.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஒருவராக இரண்டு நடுவர்கள். எங்கள் ஊருக்கு அப்பா, அவர்கள் ஊருக்கு ஒருவர், ஆளுக்குப் பாதி மைதானம். இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் கோல் போட வேண்டிய பக்கம் அப்பாவின் பக்கமாக அமைந்தது. சங்கத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டார்கள்.

ஆளுக்கு ஒரு கோல். சமமாக முடிந்தால் கோப்பை போன வருஷம் ஜெயித்தவர்களிடமே இருக்கும், அதாவது நவுசோரிக்கே. அதனால் எங்களுக்கு இன்னொரு கோல் வேண்டும். நிமிஷங்கள் ஓடின. "மாரோ! மாரோ!" என்று, அடி அடி என்று, ஊரே இந்தியில் கத்தியது. வேட்டி மாதிரி வெள்ளை சூலு கட்டிய ஃபிஜிக் காவல்காரர், கூட்டத்தைத் தள்ள வந்தவர், எங்களைவிடச் சத்தமாகக் கத்தினார். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாடுவதற்குக் குரல் வேண்டுமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன், அடுத்த நொடியே மறந்து மறுபடி கத்தினேன்.

அப்போது வலது பக்கத்திலிருந்து ஒரு பந்து சீறிக்கொண்டு வந்தது. சித்தப்பா பாய்ந்தார். பந்து அவருடைய இடது கால் கட்டைவிரலில் பட்டு, டொக்கென்று ஒரு சத்தம், அங்கிருந்து மட்டைக்கு எகிறியது. அடித்தார். வலை என் மூக்கில் வந்து அறைந்தது.

கோல்!

மாமரத்திலிருந்து ஆட்கள் உதிர்ந்தார்கள். லாரி டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் லாரியைப் பார்த்து நாலு எட்டு ஓடியும்விட்டேன். பின்னால் விசில் சத்தம். திரும்பிப் பார்த்தால் அப்பா கையை எங்கள் கோலுக்கு எதிராக நீட்டிக்கொண்டு நின்றார். பந்து காலில் பட்டது, கோல் செல்லாது, நவுசோரிக்கு ஃப்ரீ ஹிட்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. கோப்பை நவுசோரி பஸ்ஸில் ஏறிப் போனது.

சாயங்காலம் சங்கத்து ஹாலில் பாய் விரித்துப் பெரிய மரச்சட்டியில் நங்கோனா கரைத்து வைத்திருந்தார்கள். சந்தோஷமோ துக்கமோ, அந்த வேர்த்தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடிக்காமல் எங்கள் ஊரில் ஒரு பேச்சும் தொடங்காது. அன்றைக்குச் சிரட்டை ஒரு சுற்று வருவதற்குள்ளே கூச்சல். நவுசோரிக்காரனிடம் காசு வாங்கிவிட்டார் என்றது ஒரு கூட்டம். இல்லை இல்லை, நியாயஸ்தன் என்று பேரெடுத்து வக்கீலுக்கு ஓட்டுச் சேர்க்கத்தான் ஊதினார் என்றது இன்னொன்று. பாட்டு எழுதி வைத்தவனே பாட்டைக் கெடுப்பானா என்று யோசிக்க அங்கே யாருக்கும் பொழுதில்லை. அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "பட்டுச்சு. பார்த்தேன். ஊதினேன்" என்று மட்டும் சொன்னார்.

சித்தப்பா வாசற்படியில் நின்றார், இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு. அவரிடம் கேட்டார்கள். "ஓட்டத்துல ஒண்ணும் தெரியலை" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் யாருக்கோ என் ஞாபகம் வந்தது. கோலுக்குப் பின்னால் ஒரே ஆளாக உட்கார்ந்திருந்தது இவருடைய மகள்தானே! குழந்தை பொய் சொல்லாது, அதைக் கேளுங்கள். என்னைத் தூக்கிக்கொண்டுபோய் நடுவில் நிறுத்தினார்கள். சங்கத்துத் தலைவர் குனிந்து கேட்டார்: "பயப்படாம சொல்லும்மா. பந்து சித்தப்பா கால்ல பட்டுச்சா?"

ஜன்னல் வழியாக லாரி தெரிந்தது. செம்பருத்தி இன்னும் வாடவில்லை. டிரைவர் பீடி பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார், இன்னும் போகவில்லை. பட்டதா? அந்த டொக் சத்தம் இந்த வயசிலும் என் காதில் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த நேரம் ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. படவில்லை என்று நான் சொன்னால் கோல் உண்டு. கோல் உண்டானால் லாரி கிளம்பும்.

"படலை" என்றேன்.

ஹாலே எழுந்து நின்று கத்தியது. யாரோ என் கன்னத்தைக் கிள்ளினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருந்தால் எனக்குத் தெரியும், அவருக்கு மூக்கு சிவக்கும். மூக்கு சிவக்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மரச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "குழந்தை சொல்லிடுச்சு. எனக்குப் பார்வை போச்சுபோல. இனிமே வேற ஆளைப் பாருங்க."

நான் தலைவரிடம் கேட்டேன்: "இப்ப லாரி கிளம்புமா தாத்தா?"

எல்லாரும் சிரித்தார்கள். லாரி கிளம்பவில்லை. போன கோப்பை போனதுதானாம், யாரும் எனக்கு அதை முன்னால் சொல்லவில்லை. நான் வீடு வரைக்கும் ஓவென்று அழுதுகொண்டு போனேன். பின்னால் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பாவால் எழுந்து நடக்க முடியவில்லை. கட்டைவிரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, நகம் கன்னங்கரேலென்று இருந்தது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட வந்தவள், காலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்தக் காலை அப்படியே கொண்டுபோய் அந்த ஹால்ல நீட்டுங்க. நாளைக்கு ஓட்டு. நீங்க வாயே திறக்க வேணாம்" என்றாள் அப்பாவிடம்.

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். "நான் வரேண்ணா. சொல்லிடறேன்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டியைச் சர்க்கரையில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். பிறகு குனிந்து, அவரே பற்றை எடுத்துத் தம்பியின் விரலில் தடவினார், துணியைக் கிழித்துச் சுற்றினார். உள்ளே போய்த் தன்னுடைய பூட்ஸைக் கொண்டுவந்தார். வீட்டில் இருந்தது அந்த ஒரே ஜோடிதான், ஆலைக்கும் மைதானத்துக்கும் கல்யாணத்துக்கும் அதுவே. "ஆறுற வரைக்கும் வெளியில போனா இதைப் போட்டுக்கோ" என்றார். "கழட்டாதே."

அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அந்தக் காலைக் காட்டியிருந்தால் அப்பாவின் பெயர் ஒரே நாளில் துலங்கியிருக்கும். ஊர் முழுக்க என்னைப் பொய்க்காரி என்றிருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நானே ஒரு பிள்ளையைப் பெற வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குப் பட்டதெல்லாம், சித்தப்பாவுக்கு மட்டும் பூட்ஸ், எனக்கு லாரியும் இல்லை, ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை ஓட்டுப் போடப் போனோம். என்ன கூட்டம், என்ன கூட்டம்! பஸ்ஸெல்லாம் கொடி கட்டிக்கொண்டு ஓடின. அம்மா அந்தப் புடவையைக் கட்டி, தலையில் பூ வைத்து, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கடைவாசலில் நின்ற இளவட்டங்கள் அப்பாவைக் கண்டதும் வாயில் விரலை வைத்து விசிலடித்தார்கள். நான் திரும்பி அவர்களைப் பார்த்துக் கையாட்டினேன், ஊருக்கே அப்பாவைத் தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா ரப்பர் செருப்பு போட்டிருந்தார். சித்தப்பா அந்தக் கறுப்பு பூட்ஸில் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

வக்கீல் தோற்றார் என்பதும், அந்த விசிலை அப்பா திரும்பத் தொடவே இல்லை என்பதும் பின்னால் நடந்தவை. அன்றைக்கு வழியில் எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் பழகிய பாட்டை வீணாக்க மனசு வருமா? லாரி இல்லாவிட்டால் என்ன, ரோடு இருக்கிறது. எடுத்துவிட்டேன். "வாருங்கடி கும்மிகொட்ட..." ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது அடி வந்தது. காலி இடத்தில் சித்தப்பா பெயரைப் போட்டுப் பாடினேன்.

"என் பேரு வேணாம் பாப்பா" என்றார் சித்தப்பா. குரல் என்னவோ போல இருந்தது.

"அப்ப யார் பேரைப் போடறது?"

அவர் முன்னால் செருப்போடு நடந்துகொண்டிருந்த அப்பாவைக் கைகாட்டினார். அப்பா கோலே போடவில்லையே, இது என்ன கூத்து என்று நினைத்தேன். இருந்தாலும் சித்தப்பா சொல்லிவிட்டாரே, அப்பா பெயரைப் போட்டு உரக்கப் பாடினேன். அப்பா திரும்பவே இல்லை. நடை மட்டும் கொஞ்சம் மெதுவானது. சித்தப்பா ரோட்டோரத்தில் நின்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பழக்கமில்லாத காலுக்குப் பூட்ஸ் கடிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த அடியை ஆரம்பித்தேன்.