தழை தின்ற பன்றி

நாகஜோதி காலையில் எழுந்தால் முதலில் தரையைத்தான் பார்ப்பாள், மனுசர் முகம் எல்லாம் அப்புறம்தான். நரிக்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் யார் காட்டில் காட்டுப்பன்றி இறங்கினாலும் அவளுக்குத்தான் போன் போகும். ஒரு வருசம் அவளுடைய மக்காச்சோளத்தைப் பன்றிக்கூட்டம் உழுதுபோட்டுவிட்டுப் போனது. அந்தக் கடுப்பில் தடம் தேடி அலையத் தொடங்கியவள், இன்று மரத்தில் உரசிய சேறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தே பன்றியின் வளர்த்தியைச் சொல்லிவிடுவாள். ஊரில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

போன ஐப்பசியில் அவள் கொழுந்தன் சுந்தரபாண்டி மூச்சிரைக்க வந்தான்.

"மதினி, கடலைக்காட்டுல பன்னி எறங்கிருச்சு. நீங்களே வந்து யுவராணிகிட்டச் சொல்லிருங்க."

யுவராணி அவன் பெண்டாட்டி. இவன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு நரிக்குடிக்குச் சீட்டாடப் போய்விடுவான், ஆடுகள் கடலைக்குள் போய்விடும். இன்னொரு தடவை மேய்ந்தால் அத்தனை ஆட்டையும் சந்தைக்கு ஓட்டிவிடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அவனுக்கோ ஆடுகள்தான் உசுரு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறான்.

நாகஜோதி போய்ப் பார்த்தாள். பன்றி என்றால் மண்ணைக் கிண்டிக் கடலையைத் தின்று தோலைத் துப்பியிருக்க வேண்டும். இங்கே கடலை மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, தழையை மட்டும் காணோம். தடம் அதைவிட அழகு. பன்றிக்குக் குளம்புக்குப் பின்னால் சின்னதாக இரண்டு குத்து விழும். சுந்தரபாண்டிக்கும் அது தெரியும். கறிக்கடையில் ஒரு ஆட்டுக்கால் வாங்கிவந்து ஈரமண்ணில் வரிசையாக அழுத்தி, விரலால் குத்தும் வைத்திருந்தான். பதற்றத்தில் குத்தை முன்பக்கம் வைத்துவிட்டான்.

இடுப்பில் கைவைத்து நின்ற யுவராணி கேட்டாள்:

"பன்னிதானாக்கா?"

நாகஜோதி கொழுந்தன் முகத்தைப் பார்த்தாள். வேர்த்துக் கொட்டியது. பட்டியில் ஆடுகள் கத்தின. அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் தடத்தில் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"என் ஆயுசுல இப்படி ஒரு பன்னியப் பாத்ததில்ல தாயி. ஒத்தக் காலாலயே நடந்திருக்கு, அதுவும் பின்பக்கமா. கடலையத் தொடாம தழைய மட்டும் மேஞ்சிருக்கு. ரொம்ப நாசூக்கான பன்னி."

சுந்தரபாண்டி நைசாக ஒரு தடத்தைக் காலால் அழித்தான். நாகஜோதி விடவில்லை.

"இதுக்கு வேலியில பழைய சேலை கட்டுனா பயப்படாது. வெள்ள வேட்டிதான் கட்டணும். வீட்ல ஒண்ணு பாக்கியில்லாமக் கொண்டாங்க."

யுவராணி சிட்டாகப் பறந்து போய்க் கட்டாகக் கொண்டுவந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த கரை வேட்டி உள்பட எல்லாவற்றையும் சுந்தரபாண்டியே தன் கையால் வேலியைச் சுற்றிக் கட்டினான். ஆடுகள் பிழைத்த நிம்மதியில் முடிச்சையும் இறுக்கிப் போட்டான்.

திரும்பும்போது யுவராணி மெதுவாகக் கேட்டாள்.

"வேட்டி கட்டுனா நெசமாவே பன்னி வராதாக்கா?"

"பன்னி அதுல முதுகச் சொறிஞ்சிட்டுப் போகும். ஆனா உன் புருசன் கைலியோட நரிக்குடிக்குப் போவானா? இனி ஆட்டுப் பக்கத்துலதான் கெடக்கணும்."

"தெரியும்க்கா. அதான் தேய்க்கக் குடுத்திருந்த வேட்டியையும் போயி வாங்கியாந்துட்டேன்."