தயிர் டப்பாவில் ஓர் அழுகண்ணி

முடிச்சூரில் நாங்கள் குடியிருந்த போர்ஷனின் வீட்டுக்காரம்மாவுக்கு என்மேல் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. குழாயை மூடினேனா என்று பார்க்க ஒரு தடவை வருவார். மூடியது மூடியபடி இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு தடவை. நானும் லேசுப்பட்டவன் இல்லை. அவர் சிரித்தாலே எதற்கோ அடி போடுகிறார் என்றுதான் நினைப்பேன்.

வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழி வெட்ட அரசாங்கம் சொன்னதற்கு அடுத்தடுத்த வருடங்கள் அவை. வயலை மனையாக்கி விற்ற குடும்பம் அவருடையது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து மருமகள் அப்போதுதான் முழுகாமல் இருந்தாள்.

மார்கழியில் ஒருநாள், தாம்பரத்தில் இரவு ட்யூட்டி முடித்து ஏரி ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஈர மணலில், யாரோ வெற்றிலை எச்சில் துப்பிக்கொண்டே போனதுபோல் சிவப்பு வட்டங்கள். குனிந்தால், செடி. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணய அகலம். இலை முழுக்க மயிர், மயிர் நுனியில் பனித்துளி. மணி பத்து. அந்த வெயிலில் எந்தப் பனி நிற்கும்? விரலை வைத்தேன். பிசின். ஓர் எறும்பு அதில் ஒட்டிக் காலை உதறிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்கவே மயிர்கள் அதன்மேல் மடிந்தன. பூச்சி தின்னும் செடி வெளிநாட்டில்தான் உண்டு என்று நினைத்திருந்தவன் நான். சாப்பாட்டுப் பையிலிருந்த காலித் தயிர் டப்பாவில் மண்ணோடு ஒன்றைப் பெயர்த்து வைத்துக்கொண்டேன்.

பின்வாசல் படியில் வைத்ததுதான் தாமதம், அந்த அம்மா வந்துவிட்டார்.

“இது அழுகண்ணியாச்சே. ஏரியில கெடக்கறது, இங்க இன்னா பண்ணுது?”

அவருக்குப் பெயர் தெரியும், அதன் சாப்பாடு தெரியாது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், எறும்பு, கொசுவெல்லாம் தின்னும் என்று பெருமையடித்தேன்.

“எறும்பு கெடைக்கலன்னா?”

“சும்மா இருக்கும்மா.”

“பசிச்சா யாருபா சும்மா கீறாங்க?”

நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாளே தீர்ப்பு வந்துவிட்டது. “பொங்கலுக்குள்ள வேற எடம் பாத்துக்கோ. வாயும் வயிறுமா ஒரு பொண்ணு கீற வூடு இது. அத்தத் தூக்கி எறின்னு சொல்லவும் பயமா கீது. அது கோச்சிக்கினா?”

என் மனைவி என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு வருஷத்துல மூணு வீடு. இன்னொரு தடவ கேஸ் சிலிண்டர மடியில வெச்சிக்கிட்டு ஆட்டோல ஏற மாட்டேன். செடியா, நானா?” கேட்டாளே தவிர, அன்றைக்கே பழைய புடவையை விரித்துப் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். ஆனால் அடுத்த நாள் ட்யூட்டி முடிந்து வந்து பார்த்தால் இரண்டு இலைகள் கறுத்திருந்தன. டப்பா வைத்த இடத்தில் இல்லை, ஒரு சாண் தள்ளியிருந்தது. பினாயில் ஊற்றிவிட்டார் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. முகர்ந்து பார்த்தேன். கருவாட்டு வாடை!

தூங்குவதுபோல் பின்கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அரைமணியில் அந்த அம்மா வந்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நகக்கண் அளவு காய்ந்த இறாலை, அதாவது சென்னாக்குன்னியை, எடுத்து ஈர்க்குச்சி நுனியால் இலைமேல் வைத்தார்.

“துன்னு. துன்னுட்டுக் கம்முனு கெட. எம்மருமவ பக்கம் மட்டும் திரும்பிடாத.”

நான் கதவைத் திறந்தேன். அவர் அசரவில்லை.

“இன்னா பாக்கற? கொண்டாந்தவன் சோறு போடல. குடித்தனக்காரன் செடிக்கும் நாந்தான் ஆக்கிப் போட வேண்டியதா கீது.”

உப்பு ஆகாதும்மா, செத்துவிடும் என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன். தன் கையால் ஊட்டியது செத்தது என்று தெரிந்தால், மருமகள் தும்மினால்கூட அதுதான் காரணமாகும். எங்கள் மூட்டை அன்றைக்கே தெருவில் இருக்கும். “ஏரியிலயே விட்டுடறேம்மா” என்றேன்.

“நீ உடுவ. நான் பாக்கணும்.”

கூடவே நடந்து வந்தார். ஈர மணலில் அதைப் பதித்துவிட்டு நிமிர்ந்தால், அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சிவப்பாக, கண் போகும் தூரம் வரை.

“இத்தினியும் எறும்பத்தான் துன்னுதா?”

“ஆமாம்மா.”

அவர் குனிந்து ஒரு செடியை உற்றுப் பார்த்தார். “எம்புள்ள வயித்துல இருந்தப்போ, இதுங்கள மிதிச்சிக்கினுதான் நாத்து நடப் போனேன். அப்ப ஒண்ணும் பண்ணல.” முந்தானையை அவிழ்த்து மீதிச் சென்னாக்குன்னியைப் பார்த்தார். செடிகளைப் பார்த்தார். பழையபடி முடிந்துகொண்டார்.

வீட்டு வாசலில் என்னை நிறுத்தி, “டப்பாவ காட்டு” என்றார். கவிழ்த்துக் காட்டினேன். உள்ளே விரலை விட்டும் தடவினார். பிறகு, “பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும். உன் சாமானெல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கி வெய்” என்றார்.

“அப்ப நாங்க இருக்கலாமாம்மா?”

“ஒதுக்கி வெய்னா இன்னா, தூக்கினு போன்னா சொன்னேன்?”

உள்ளே ஓடி மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. மூட்டையைக் காலால் சுவரோரம் தள்ளினாள். முடிச்சில் கை வைக்கவில்லை.

“வெள்ளையடிச்சு முடிக்கட்டும், பாக்கலாம்.”